பாழும் மாத்திரை டப்பியும்

நம் கவிஞர்களுக்குப் பாழ் என்றால் தனி ருசி. இடிந்த மதில், பிளவில் முளைத்த அரசு, ஓர் ஆந்தை – வரிகள் தாமாகவே வந்து விழுகின்றன. பறம்பு வீழ்ந்தபின் கபிலர் பாடிய கையறுநிலைக்குப் பின்னால் ஒரு வாழ்வு இருந்தது, பாரி இருந்தான். அந்த வாழ்வை விட்டுவிட்டு, தொனியை மட்டும் எடுத்து எந்தப் பழஞ்சுவரின் மீதும் பூசிவிடலாம் என்றொரு நம்பிக்கை நம்மிடம் ஊறிவிட்டது. இந்தத் தொனி செல்லாத ஓர் உருவத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

1940 கோடையில், டன்கர்க்கிலிருந்து சேனை திரும்பியபின், ஜெர்மானியர் வந்திறங்குவார்கள் என்ற பயத்தில் இங்கிலாந்து தன் ஆறுகளையும் கால்வாய்களையும் அகழியாகக் கொண்டு கரைநெடுகக் கான்கிரீட் கூடுகள் கட்டிற்று. 'பில்பாக்ஸ்' என்று பெயர், மாத்திரை டப்பி. தேம்ஸின் மேற்பகுதியில், மாடு மேயும் புல்வெளிகளில் இன்னும் நிற்கின்றன. படங்களில்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அறுகோணம். ஐந்து பக்கம் சுடுதுளை, ஆறாவதில் வாசல். தெறிக்கும் குண்டைத் தடுக்க உள்ளே ஒரு குறுக்குச்சுவர். சென்டரிங் பலகை கிடைக்காத இடங்களில் செங்கல் சுவர் எழுப்பி அதற்குள் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். செங்கல் அப்படியே தங்கிவிட்டது. திட்டம் தளபதி அயர்ன்சைடினுடையது. அதே ஜூலையில் அவரிடத்துக்கு வந்த ஆலன் புரூக்குக்கு நிலைத்த அரண்களில் நம்பிக்கையில்லை. நகரும் சேனையே வேண்டும் என்றார். ஆக, கான்கிரீட் காயுமுன்பே கருத்து காலமாகிவிட்டது. சுமார் 28,000 கட்டினார்கள். 6,500க்கும் குறைவாகவே மிச்சம். எதிரி வரவில்லை. சிலவற்றில் வௌவால்கள் குடியிருக்கின்றன.

இவற்றைப் பாழ் என்று எப்படிச் சொல்வது? பாழாவதற்கு முன் வாழ்ந்திருக்க வேண்டாமா?

பால் விரிலியோ, பிரெஞ்சுக் கடற்கரையில் ஜெர்மானியர் கட்டிப்போட்ட பங்கர்களைப் படம்பிடித்து 1975இல் புத்தகமாக்கினார். மணலில் சாய்ந்து கிடக்கும் அந்தப் பிண்டங்கள் அவருக்கு எகிப்தியக் கல்லறைகளை நினைவூட்டின. கூர்மையான கண்தான். ஆனால் கல்லறை என்றவுடன் மரணத்தின் கம்பீரமும் கூடவே வந்துவிடுகிறது. நார்மண்டியில் மனிதர்கள் செத்தார்கள். அங்கே அது பொருந்தலாம். தேம்ஸ் கரையின் டப்பிக்கு அந்தக் கம்பீரத்தை ஏற்றினால் பொய். அங்கே இருப்பது பயம் மட்டுமே: துப்பாக்கிக் குண்டுக்கு 12 அங்குலம், பீரங்கிக்கு அதற்கும் மேலே என்று அளந்து, வார்த்து, நிறுத்திய பயம்.

குருவிநத்தத்திலிருந்து எழுதுகிற எனக்கு இதன் மறுபக்கம் அருகிலேயே இருக்கிறது. பக்கத்துப் பாகூரில் 1752இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள், லாரன்ஸ் வென்றார். ஆட்கள் மாண்ட மண்ணில் இன்று நெல் விளைகிறது. பெண்ணையாற்றுக்குத் தெற்கே, தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1758இல் லாலி பிடித்து இடித்துப்போட்டார். சண்டையைக் கண்டவை மண்ணோடு போக, காணாதது முழுசாக நிற்கிறது. மிஞ்சி நிற்பதுதான் சரித்திரம் பேசும் என்று நம்புகிற கவிதை இங்கே ஏமாந்துபோகும்.

நான் வற்புறுத்துவது ஒன்றுதான். ஈழத்தில் வீட்டு முற்றத்தில் பங்கர் வெட்டி, ஷெல்லடிக்குப் பிள்ளைகளோடு இறங்கியிருந்தவர்கள் அதை எழுதியிருக்கிறார்கள். அங்கே துக்கத்துக்கு ஆள் உண்டு. எல்லாச் சிமெண்டுக்கும் ஒரே ஒப்பாரியை வைத்துவிட்டால், அந்தக் குழிகளைப் பற்றிப் பேச நம்மிடம் என்ன சொல் மிஞ்சும்? டப்பியை எழுதுகிறவன் முதலில் சுவரின் கனத்தையும், துளை எந்தக் கரையைப் பார்க்கிறது என்பதையும், நிழலில் ஒதுங்கிய மாட்டையும் எழுதட்டும். துக்கம் அங்கே இருந்தால் அது தானே வரும்; இல்லாவிட்டால் வராமலே போகட்டும்.