கீரிமலை: இடப்பெயர் ஆய்வின் நெறி குறித்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்த தட்டை நிலம். கடல்மட்டத்திலிருந்து சில மீற்றருக்கு மேல் எழும் இடம் அங்கு அரிது. இலங்கையின் மலைகளை உயர வரிசையில் தொகுக்கும் எந்த அட்டவணையும் 2,524 மீற்றர் உயரமுடைய பிதுருதலாகலையில் தொடங்கிக் கீழிறங்குமேயன்றிக் குடாநாட்டை எட்டிப்பாராது. ஆயினும் வலிகாமம் வடக்கின் கடலோரத்திலே கீரிமலை என்றோர் ஊர் உண்டு. மலையில்லாத இடத்துக்கு மலைப்பெயர் வாய்த்தது எங்ஙனம் என்னும் வினா, இடப்பெயர் ஆய்வில் எம்மவர் இதுகாறும் கைக்கொண்ட நெறியைச் சோதிப்பதற்கு நல்லதோர் உரைகல்லாகும்.

இவ்வினாவுக்குப் பொதுவாகத் தரப்படும் விடை தலபுராணத்தின் விடையே. கீரிமுகம் கொண்டிருந்த நகுலமுனிவர் இங்குள்ள தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப்பெற்றார். ஆதலின் தலம் நகுலேச்சரம் எனவும், ஊர் நகுலகிரி அல்லது கீரிமலை எனவும் வழங்கலாயின என்பர். திருத்தம்பலேச்சரம் என்ற பெயரும் இத்தலத்துக்கு உண்டு. புராணத்தை எள்ளி ஒதுக்குதல் ஆய்வாளனுக்கு அழகன்று. ஆனால் அக்கதை எதனை விளக்குகின்றது, எதனை விளக்காது விடுகின்றது என்பதைப் பிரித்தறிதல் அவன் கடன். கதை ‘கீரி’யை விளக்குகின்றது, ‘மலை’யை அது தொடவேயில்லை. எமது கட்டுரையாளர் பலரும் முற்பாதிக்கு விடை கிடைத்ததும் பிற்பாதியை மறந்துவிடுகின்றனர்.

பிற்பாதிக்கு விடை ஏட்டில் அன்றி நிலத்தில் உள்ளது. குடாநாட்டின் கரை பெரும்பாலும் மணலும் சேறுமாய்த் தாழ்ந்து கிடக்க, கீரிமலைப் பகுதியிலே சுண்ணக்கல் கடலை நோக்கி மேடாக எழுந்து நிற்கின்றது. கடலில் நின்று கரையை நோக்கும் மீனவனுக்கு அதுவே மலை. உயரத்தை அடியும் மீற்றருமாக அளப்பது நிலவளவையாளனின் வழக்கம்; சுற்றியுள்ள நிலத்தோடு ஒப்பிட்டு அளப்பது ஊரவனின் வழக்கம். தட்டை நிலத்து மக்கள் சிறு ஏற்றத்தையும் கூர்ந்து கண்டனர் என்பதற்கு அவர்தம் சொற்களே சான்று. சங்குப்பிட்டியில் பிட்டியும், தீவகத்து மண்கும்பானில் கும்பானும், கல்செறிந்த நிலத்தைக் குறிக்கும் கலட்டியும், திடலும், மேடும் இத்தகையன. இச்சொற்களின் வரிசையில் வைத்து நோக்கினாலன்றிக் கீரிமலையின் ‘மலை’ விளங்காது.

இனி, ஆய்வாளர் முடிவை முன்னரே வைத்துக்கொண்டு பெயரை அணுகும் குறையைக் கருதுவோம். 1916இல் ஹோஸ்பரோ என்பார் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிங்கள இடப்பெயர்கள் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். 1918இல் எஸ். டபிள்யூ. குமாரசுவாமியின் ‘வட மாகாணத்துள்ள சில இடப்பெயர்களின் வரலாறு’ வெளிவந்தது. அன்று தொட்டு இத்துறை வழக்காடுமன்றம் போலாயிற்று. ‘நம்பொத’ என்னும் சிங்கள நூல் தெல்லிப்பழையைத் தெலிபொல என்றும், மல்லாகத்தை மல்லாகம என்றும் குறித்தமை ஒரு சாராருக்கு முடிந்த முடிபு. ஆனால் ஓர் ஊரின் பெயரைப் பிறமொழியாளர் தம் நாவுக்கேற்ப எழுதிவைத்தமை, அவ்வூருக்கு முதலிற் பெயரிட்டவர் யார் என்பதைக் காட்டாது. ஆங்கிலத்தில் ஜவ்னா என எழுதப்பட்டமையால் யாழ்ப்பாணம் ஆங்கிலச் சொல்லாகிவிடுமா? மறுசாராரும் இக்குறைக்கு விலக்கல்லர். வலிகாமம், கொடிகாமம் ஆகியவற்றை அகராதியின் துணைகொண்டு உடைத்து, வலியையும் காமத்தையும் கூட்டிப் பொருள் காண்பது ஆய்வாகாது, தமிழ்ப்பற்றும் ஆகாது.

மலைப்பெயர்களில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகின்றது. அட்டவணை ஒரு மலைக்கு ஒரு பெயரையே வேண்டும். மக்களோ பல பெயர்களை வழங்குவர். சிவனொளிபாதமலை சிங்களவருக்குச் சிறீபாத, முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. இவற்றுள் எதுவும் பிழையன்று. மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பிமலையைத் தமிழர் தலைக்குடுமியாகக் கண்டனர். ஆங்கிலப் பெயரும் ‘தொப்பிகல’ என்னும் சிங்களப் பெயரும் அதனைத் தொப்பியாகக் கண்டன. 2007ஆம் ஆண்டின் போர்ச் செய்திகளோடு உலகெங்கும் பரவியது தொப்பிகல என்ற பெயரே. பெயரைத் தேடாது விடுவதன் விளைவுக்கு எவரெஸ்ட் மற்றோர் எடுத்துக்காட்டு. உள்ளூர்ப் பெயரைத் தம்மால் அறிய இயலவில்லை எனக் கூறி 1856இல் நிலவளவைத் தலைவர் அன்ட்ரூ வோ தமக்கு முன் அப்பதவி வகித்தவரின் பெயரை முன்மொழிந்தார். 1865இல் அது ஏற்கப்பட்டது. திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என்றே அழைத்துவந்தனர்.

ஆகவே ஆய்வின் வரிசை மாறவேண்டும். முதலில் ஊரவர் வாயில் வழங்கும் வடிவத்தைக் கேட்டவாறே எழுதல் வேண்டும். அடுத்து ஒல்லாந்தர் காலத் தோம்புகளிலும் நொத்தாரிசு உறுதிகளிலும் உள்ள வடிவங்களை ஆண்டோடு தொகுத்தல் வேண்டும். பின்னர் அயல்மொழி வழக்குகளை மறைக்காது அருகில் வைத்தல் வேண்டும். நிலத்தையும் சென்று காணல் வேண்டும். பொருள் கூறுதல் இறுதிப்பணி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இ. பாலசுந்தரம் ஈழத்து இடப்பெயர்களை ஆராய்ந்து வழிகாட்டியுள்ளார். அவ்வழி இன்னும் நெடிது செல்லவேண்டியுள்ளது. குறிப்பாக, ஊர்ப்பெயருக்குள் அடங்கிய காணிப்பெயர்கள் போதிய அளவு தொகுக்கப்பட்டில.

இப்பணிக்குக் காலம் காத்திராது. 1990இல் கீரிமலை உட்பட வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அப்பகுதியின் பெரும்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. காணிகள் பல ஆண்டுகளின் பின்னர் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மீண்டுவந்தோர் பலர் வேலியையும் எல்லைக்கல்லையும் காணாது, உறுதியில் எழுதிய பெயரையும் முதியோரின் நினைவையும் கொண்டே தம் நிலத்தை அடையாளங் காணவேண்டியவராயினர். அங்கே பெயர் வெறும் சொல்லாராய்ச்சிப் பொருளன்று, வாழ்வுரிமையின் சான்று. அன்று முப்பது வயதினராய் வெளியேறியோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். எந்த மேட்டை எப்பெயரால் அழைத்தனர் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதும் கடமை எமது மாணவருக்கு உரியது. கீரிமலையின் ‘மலை’ எதுவென்று காட்டக்கூடிய கண்கள் இன்னும் சில ஆண்டுகளே எம்மிடையே இருக்கும்.