பென்சிலால் ஓடும் நிரல்

நாச்சியாபுரத்துத் திண்ணையில் பிளஸ் டூ மாணவி ஒருத்தி குமிழி வரிசையாக்கக் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கணினி இல்லை, கோடு போட்ட நோட்டும் சீவிய பென்சிலும்தான். 9, 4, 7, 2. அடுத்தடுத்த எண்களை ஒப்பிட்டு, பெரியது முன்னே நின்றால் இடம் மாற்றுகிறாள். முதல் சுற்றிலேயே 9 கடைசிக்குப் போய்விடுகிறது: 4, 7, 2, 9. பிறகு 4, 2, 7, 9. பென்சில் கரகரக்கிறது, உதடு எண்களை முணுமுணுக்கிறது, ரப்பர்த் தூளை உள்ளங்கை ஒதுக்கித் தள்ளுகிறது. மூன்றாம் சுற்றில் 2, 4, 7, 9.

மொத்தம் 6 ஒப்பீடுகள். பைத்தானுக்கு இது கண்ணிமைக்கும் நேர வேலைகூட இல்லை. ஆனால் சுற்றின் எல்லை ஒன்று கூடிப்போனால் நிரல் எந்த இடத்தில் இடறும் என்பது, வரிவரியாகத் தொட்டு நகர்ந்த விரலுக்கு நன்றாகத் தெரியும். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கிறது. விடை சரியென்று தெரிந்த பின்னும் மேலிருந்து ஒருமுறை படித்துப் பார்க்கிறாளே, அது இன்னும் பிடிக்கிறது.