துவரம்பருப்பு கூட்டிப்போன கடற்கரை

சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் குடும்பத்தைக் கோவளம் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனது துவரம்பருப்பு.

பருப்பு மட்டும் என்று சொன்னால் ஃப்ரிட்ஜுக்குக் கோபம் வரும். அங்கே போவதற்கு முந்தைய ஒரு வருடத்தில்தான் எங்கள் இருபது வருடப் பழைய ஃப்ரிட்ஜ் உயிரை விட்டது. துணைக்கு வாஷிங் மெஷினையும் அழைத்துக்கொண்டது. கோடைக்கு முன் ஏ.சி. வாங்கினோம். 2022 ஏப்ரலில் டாடா நியூ என்ற செயலி வந்தபோது என் மகன் அதைத் தன் அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தான். பிக்பாஸ்கெட்டில் மளிகை, குரோமாவில் மின்சாதனம், வெஸ்ட்சைடில் துணி என்று எங்கே கைவைத்தாலும் கொஞ்சம் நியூகாயின் கணக்கில் விழும். ஒரு காயினுக்கு ஒரு ரூபாய் மதிப்பு. தாஜ் விடுதிகளின் பழைய இன்னர்சர்க்கிள் உறுப்பினர் திட்டத்தையும் இதோடு சேர்த்துவிட்டார்கள். அதாவது, குரோம்பேட்டையில் பருப்பு வாங்குகிறவள் தனக்கே தெரியாமல் தாஜின் உறுப்பினர் ஆகிவிடலாம். நான் அப்படி ஆனவள்தான்.

என் கணவர் முப்பத்து நாலு வருடம் வங்கியில் பிறர் பணத்தை எண்ணியவர். தன் பணம் என்று வந்தால் இரண்டு தடவை எண்ணுவார். ஓட்டலில் மெனு அட்டையை வலது பக்கத்திலிருந்து படிப்பார். விலை பிடித்திருந்தால்தான் இடது பக்கம் வந்து பதார்த்தத்தின் பெயரைப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் ராத்திரி போனைப் பார்த்தபடி, "இவளே, 18,400 இருக்கு" என்றார். குரலில் ஒரு நடுக்கம். வைப்புநிதி முதிர்ந்தால்கூட அவருக்கு அந்தக் குரல் வராது.

முன்பு ஒரு தடவை சூடுபட்டிருக்கிறோம். வேறொரு நிறுவனத்தின் திட்டத்தில் (பெயர் எதற்கு) மூன்று வருடம் சேர்த்த புள்ளிகளை, "நல்ல சமயம் வரட்டும்" என்று பொத்திப் பொத்தி வைத்து, ஒரு மார்ச் 31 நள்ளிரவில் மொத்தமாகப் பறிகொடுத்தோம். அதனால் இந்த முறை நான் விடவில்லை. அன்றைக்கே அறை பதிவு செய்தாயிற்று. 2023 மாசி மகம், திங்கட்கிழமை, ஒரு ராத்திரி. நாங்கள் இருவர், கூடவே என் மாமியார். வயது எழுபத்தெட்டு, பிறந்த ஊர் தரங்கம்பாடி, இரண்டு முழங்காலும் வலி.

வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து கோவளம் சாலையில் திரும்பினோம். இருபக்கமும் உப்பளமும் உப்பங்கழியும். தூரத்தில் தண்ணீருக்குள் ஒற்றைக்காலில் ஒரு கூட்டம் பூநாரை. அத்தை கார்க் கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டி, "கடல் வந்துடுச்சு" என்றார். கடல் தெரிய இன்னும் ஒரு மைல் இருந்தது.

வரவேற்பறையில்தான் முதல் ஆச்சரியம். இந்தத் திட்டத்தில் செம்பு, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிகள். நாங்கள் அடிப்படி, செம்பு. தங்கமும் பிளாட்டினமும் வந்துபோகிற இடத்தில் செம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோமே என்று எனக்குள் ஒரு கூச்சம். அந்தப் பெண்ணோ போனில் இருந்த எங்கள் எண்ணைப் பார்த்துவிட்டு, என் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னாள். பிறகு அத்தை நடந்து வருகிற விதத்தைப் பார்த்தாள். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, "மேடம், உங்களுக்கு மெயின் பில்டிங்ல ரூம். பாட்டிக்குக் கஷ்டமா இருக்குமே. பீச் பக்கம் காட்டேஜ் ஒண்ணு காலியா இருக்கு, படி ஏற வேண்டாம். அதையே தர்றோம், எக்ஸ்ட்ரா எதுவும் இல்ல" என்றாள்.

அத்தைக்கு அப்கிரேடு என்றெல்லாம் தெரியாது. என் காதருகில் வந்து, கொஞ்சம் உரக்கவே, "கொசுறா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆமா பாட்டி, கொசுறுதான்."

கீரைக்காரம்மா கட்டோடு சேர்த்துப் போடுகிற கொத்தமல்லிக் காம்பைப்போல, கடலைப் பார்த்த ஒரு வீடு! அதுவும் எங்கள் செம்புக்காக இல்லை, ஒரு முழங்காலுக்காக. உறுப்பினர் திட்டம் என்னை வாசல்வரை கொண்டுவந்தது, சரி. வாசலுக்கு உள்ளே நான் மயங்கியதற்குக் காரணம் அந்தப் பெண்ணின் கண்.

காட்டேஜ் கதவைத் திறந்தால் புல்தரை, அதைத் தாண்டினால் மணல், அதைத் தாண்டினால் வங்காள விரிகுடா. நடுவில் எதுவும் கிடையாது. அலைச்சத்தம் கட்டில்வரை வந்தது. கணவர் முதல் பத்து நிமிடம் குளியலறையிலேயே இருந்தார். என்ன ஆயிற்றோ என்று போய்ப் பார்த்தால், ஷாம்பு புட்டிகளை வரிசையாக அடுக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார். பழக்கம்!

இந்த விடுதி 1970-களிலிருந்து இங்கே இருக்கிறது. ஒரு டச்சுக் கோட்டையின் மதிலடியில் கட்டியது என்று விடுதித் தரப்பில் சொல்கிறார்கள். வரலாறு இன்னும் சுவாரசியம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள் இங்கே கிடங்கு போட்டார்கள். பிறகு ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் கோட்டை எழுப்பி, சாதத் பந்தர் என்று பெயர் வைத்தார். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தந்திரமாகப் பிடித்தார்கள். 1752-ல் ராபர்ட் கிளைவ் வந்தார். அவருக்குக் கொடுத்திருந்தவர்கள் புதிதாகச் சேர்த்த சிப்பாய்களும் அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய கற்றுக்குட்டிகளும். கோட்டையிலிருந்து ஒரு குண்டு வந்ததும் மொத்தமாகத் திரும்பி ஓடினார்கள். பீரங்கிச் சத்தம் கேட்டு மிரண்ட காவலாள் ஒருவனைச் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றுக்குள் கண்டெடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதியிருக்கிறார். அப்படியும் கிளைவ் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தும்விட்டார்.

நான் இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லி முடித்ததும் அத்தை சுற்றிலும் பார்த்தார். "எங்க ஊர் டேனிஷ் கோட்டை 1620-ல கட்டினது. இன்னும் நிக்குது" என்று சொல்லிவிட்டு ஊஞ்சலில் சாய்ந்துகொண்டார். கோவளத்துக்கும் தரங்கம்பாடிக்கும் நடந்த போர் அத்தோடு முடிந்தது.

சாயங்காலம். இதைத்தான் சொல்லவேண்டும் என்று அவசரமாக வந்துகொண்டிருக்கிறேன்.

கிழக்குக் கடற்கரைக்காரர்களுக்குச் சூரியன் கடலில் மறைகிற காட்சி கிடையாது. கோவாக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி நம்மைத் தாழ்த்துவார்கள். அவர்கள் மாசி மகத்தன்று கோவளத்துக்கு வரட்டும்! நமக்குப் பின்னால் சவுக்குமரங்களுக்கு அந்தப் பக்கம் சூரியன் இன்னும் இருக்கிறது. முன்னால் கடலுக்கு மேல் நிலா ஏற்கனவே வந்துவிட்டது. முதலில் வெளிறிப்போய், பொரிக்க மறந்த அப்பளம் மாதிரி. வானம் இருள இருள அதற்கு ரத்தம் ஊறியது. ஏழு மணிக்குள் தண்ணீரில் ஒரு வெள்ளிப் பாதை எங்கள் கால்வரை போட்டாயிற்று. இதே நிலாவுக்குக் கீழே, தெற்கே மாமல்லபுரம் மணலில், இருளர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கன்னியம்மனுக்குப் படையலிட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே கல்யாணங்கள்கூட நடக்கும். எங்களுக்கு இங்கே விடுதியின் பே வியூ உணவகத்தில், மணலை ஒட்டிய மேசையில், சாப்பாடு.

அன்றைய மீனைப் பனிக்கட்டிமேல் பரப்பிக் காட்டினார்கள். வஞ்சிரம், வவ்வால், கொடுவா, இறால். அத்தை எழுந்துபோய் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்! எனக்கு உயிர் போயிற்று. தலைமைச் சமையல்காரரோ கைகட்டி நின்று, "எப்படி இருக்கு பாட்டி?" என்று கேட்டார். "காலைல பிடிச்சது" என்று அத்தை தீர்ப்பு சொன்னதும் அவர் முகத்தில் ஒரு பரீட்சை பாஸான சந்தோஷம்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. என் கணவர் மெனு அட்டையை இடது பக்கத்திலிருந்து படித்தார்.

"இறால் சொல்லலாமா? பெரிசு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "கூட ஒரு நண்டும்?" என்றார். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து "கூட" என்ற சொல்லை ஓட்டல் மேசையில் கேட்டதில்லை. அறைக்குப் போக மீதி காயின் இருந்தது, அதற்கு மேல் கொஞ்சம் கையிலிருந்தும் போகும் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் பணம் என்றால் பிடித்துவைக்கத் தோன்றும். காயினோ செலவழிக்கவே பிறந்தது. அதைப் பேத்திக்கென்று எழுதிவைக்க முடியாது, வங்கி லாக்கரில் பாதுகாப்பாகப் பூட்டவும் முடியாது. எச்சில்கையால் காக்கை ஓட்டாத ஒருவரைத் தர்மப்பிரபுவாக்க இதைவிடச் சுலபமான வழியை நான் கண்டதில்லை. பூண்டும் மிளகும் தூக்கலாக வந்த நண்டை அவர் பிரித்துப் பிரித்து அத்தையின் தட்டில் வைத்தார். அம்மாவும் பிள்ளையும் ஒரு மணி நேரம் பேசாமல் சாப்பிட்டார்கள்.

பக்கத்து மேசைப் பெரியவர் பிளாட்டினம். அவரே சொன்னார், கேட்காமலே. வருடம் தவறாமல் கல்யாண நாளுக்கு இங்கேதான் வருவார்களாம். அவர் உட்கார்ந்ததும் சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு தானாக வந்தது. பரிமாறுகிறவர், "சார், போன தடவை முட்டி ஆபரேஷன்னு சொன்னீங்களே" என்று விசாரித்தார். பிளாட்டினத்துக்கு அறை உயர்த்திக் கொடுப்பார்கள், தாமதமாகக் காலி செய்யலாம் என்றெல்லாம் அவர் விரல்விட்டு எண்ணினார். அவர் மனைவி குறுக்கே புகுந்து, "அதெல்லாம் இருக்கட்டும், இந்தத் தம்பி இருக்கற வரைக்கும் நாங்க வருவோம்" என்றார். அந்தத் தம்பி வெட்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினார். இன்னொரு மேசையில் ஒரு இளம் ஜோடி, மூன்றாம் முறையாம், வெள்ளிக்கு ஏற இன்னும் எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. என் கணவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வங்கிக்காரர்களுக்கு அடுத்தவர் கணக்கு என்றால் கற்கண்டு.

குறையே இல்லையா என்பீர்கள். கடலில் இறங்கிக் குளிக்க ஆசைப்பட்டுப் போகாதீர்கள். சோழமண்டலக் கரையின் அலை ஆளை இழுக்கும். காவலர்கள் விசில் ஊதுவார்கள். கடலைப் பார்த்தபடி நீச்சல்குளத்தில் கிடக்க வேண்டியதுதான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, நீச்சல் தெரியாது.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு அத்தை என்னை எழுப்பினார். முழங்கால் வலிக்காரர் தானாகவே மணலில் இறங்கி நிற்கிறார். கொண்டல் காற்று முகத்தில் உப்பைத் தடவியது. கீழ்வானம் செம்பு நிறத்தில் இருந்தது. சத்தியமாகச் செம்பேதான், எங்கள் படி! ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. கொஞ்சம் தள்ளி, மீனவக் குப்பத்துப் பையன்கள் அலைச்சறுக்குப் பலகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். 2021-ல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கோவளம் கடற்கரை பக்கத்தில்தான். அத்தை புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அலை வந்து போகும் இடத்தில் நின்றார். ஒவ்வொரு அலைக்கும் காலடி மணல் கரைய, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "விடாதே, விடாதே" என்று சிரித்தார். எட்டு வயதுச் சிரிப்பு. இருபது நிமிடம் அப்படியே நின்றோம். வலியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு ஆப்பம், ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால், டபராவில் நுரைத்த காபி. ஏதேதோ ரொட்டி வகையெல்லாம் இருந்தது, யார் பார்த்தார்கள்.

கிளம்பும்போது வரவேற்பறைப் பெண் அத்தையின் கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் கொடுத்தாள். உள்ளே மூன்று தேங்காய் பர்பி. "கொசுறு, பாட்டி" என்றாள். ராத்திரி சாப்பாட்டுப் பில்லுக்கும் காயின் ஏறும் என்று அவள் சொன்னதுதான் தாமதம், என் கணவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, ஈரத்துணியைப் புது வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். சமையலறையில் டப்பா மூடிகளைத் திறந்து திறந்து பார்க்கிற சத்தம்.

"இவளே, பருப்பு தீர்ந்துடுச்சா?"

"போன வாரம்தானே வாங்கினோம். நாலு கிலோ இருக்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "உளுந்து?" என்றார்.