நாற்பத்தாறு வெட்டு தாங்கும் வாள்

கற்பனைப் போர் ஆட்டங்களில் கடை என்பது பெரும்பாலும் ஒரு சடங்கு. புது ஊர் வந்ததும் கடைக்குள் நுழைவோம். பட்டியலின் அடியில் இருக்கும் விலை கூடிய வாளை வாங்குவோம். பழையதை வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம். காசு சேர்ந்ததா இல்லையா என்பதைத் தவிர அங்கே யோசிக்க எதுவும் இல்லை. நிண்டெண்டோவுக்காக இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் 1990 முதல் உருவாக்கிவரும் ‘ஃபயர் எம்பிளம்’ வரிசை இந்தச் சடங்கை மெய்யான கணக்காக மாற்றியது. பின்னாளில் அந்தக் கணக்கைத் தானே கலைத்தும் விட்டது. கலைத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கட்சி.

2003இல் கேம்பாய் அட்வான்ஸில் வந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஜப்பானுக்கு வெளியே விற்பனைக்கு வந்த முதல் ஃபயர் எம்பிளம் அதுதான். அதில் ஆயுதங்கள் தேயும். இரும்பு வாள் 460 காசு, 46 வெட்டு தாங்கும். எஃகு வாள் 600 காசு, 30 வெட்டு. வெள்ளி வாள் 1,500 காசு, வெறும் 20 வெட்டு. வகுத்துப் பாருங்கள்: இரும்பில் ஒரு வெட்டுக்கு 10 காசு, எஃகில் 20, வெள்ளியில் 75. ஒரு சில்லறைக் கொள்ளைக்காரனை வெள்ளி வாளால் வெட்டினால் ஏழரை மடங்கு பணம் வீண். கடையில் கொடுத்த பணம் கடையோடு முடிந்துபோவதில்லை. ஒவ்வொரு எதிரியின் முன்னாலும் ‘இவனுக்கு இது தகுமா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது.

விலை கூடினால் தரமும் கூடும் என்ற நம்பிக்கையையும் இந்த ஆட்டம் உடைக்கிறது. சாக்கே சமவெளியின் வாள்வீராங்கனை லின் மெல்லிய உடல்வாகு கொண்டவள். அவளுடைய உடற்கட்டு எண் 5. இரும்பு வாளின் எடையும் 5 என்பதால் அவள் வேகம் குறையாது. எஃகு வாளின் எடை 10. அதைத் தூக்கினால் வேகத்தில் 5 போய்விடும். எதிரியைவிட 4 புள்ளி வேகமாக இருந்தால்தான் ஒரே மோதலில் இரண்டு முறை வெட்டலாம் என்பது விதி. ஆகவே அதிகப் பணம் கொடுத்து வலிமையான வாளை வாங்கிக் கொடுத்து, அவளுடைய இரண்டாவது வெட்டைப் பறித்துவிட வாய்ப்புண்டு. யார் கையில் எது என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது. பல ஆட்டங்கள் பெரிய பெரிய பட்டியல்களை வைத்துக்கொண்டும் எட்டாத நுட்பம் இது.

கடை இருக்கும் இடமும் முக்கியம். அது போர்க்களத்திலேயே ஒரு கட்டடமாக நிற்கும். வீரன் ஒருவன் நடந்து போய் வாசலில் நின்று, தன் முறையைச் செலவழித்துத்தான் வாங்க வேண்டும். ஒரு குதிரைவீரனைக் கடைக்கு அனுப்பினால் அந்த நேரம் முன்வரிசையில் ஆள் குறைவு. ஒருவர் சுமக்கக்கூடியது ஐந்து பொருள் மட்டும். மிச்சத்தையெல்லாம் மெர்லினஸ் என்னும் வணிகர் தன் கூடாரத்தில் காப்பார். அந்தக் கூடாரமும் களத்தில்தான் இருக்கும், எதிரி அதையும் தாக்குவான். சரக்குக்கும் காவல் போட வேண்டிய போர் என்பது எவ்வளவு இயல்பான சிந்தனை!

இதே வரிசையில் 1996இல் வந்த ‘புனிதப் போரின் வம்சாவளி’ இன்னும் துணிச்சலானது. அதில் படைக்குப் பொதுக் கருவூலம் கிடையாது, ஆளுக்கொரு பணப்பை. தன் ஈட்டியைத் தோழனிடம் ‘வைத்துக்கொள்’ என்று கொடுத்துவிட முடியாது. அடகுக்கடையில் பாதி விலைக்கு விற்க வேண்டும், மற்றவன் முழு விலை கொடுத்து எடுக்க வேண்டும். காதலர்களுக்குள் மட்டும் பணம் கைமாறலாம். பெற்றோர் கையில் இருந்த ஆயுதம், பயன்படுத்தும் தகுதி இருந்தால், அடுத்த தலைமுறைப் பிள்ளைக்குச் சேரும். யாரை யாருடன் சேர்ப்பது என்ற கேள்விக்குள்ளேயே சொத்துக் கணக்கும் நுழைந்துவிடுகிறது. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மோதிரத்தைக் கைமாற்ற இருவரும் மாறி மாறிக் கோட்டைக்குத் திரும்ப வேண்டியிருப்பது பொறுமையைச் சோதிக்கும்.

இனி குறைகள். முதல் குறை பதுக்கல். ‘இதைவிடப் பெரிய எதிரி பின்னால் வருவான்’ என்று வெள்ளி வாளை ஒளித்து வைப்போம். கடைசிப் போரும் முடிந்திருக்கும். கூடாரத்தில் உறை கழற்றாத வாள்கள் கிடக்கும். ஆட்டக்காரரின் கஞ்சத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அடுத்த கடை எத்தனை அத்தியாயம் தள்ளி வரும், அங்கே என்ன கிடைக்கும் என்று ஆட்டம் சொல்வதில்லை. தெரியாத நாளைக்காகச் சேமிப்பது பகுத்தறிவுதான். போதாக்குறைக்கு, 2003 ஆட்டம் முடிவில் ‘நிதி’ என்று ஒரு மதிப்பெண் வேறு போடுகிறது. மிச்சமுள்ள காசோடு ஆயுதங்களின் மதிப்பும் அதில் சேரும். நல்ல ஆயுதத்தைத் தந்துவிட்டு, பயன்படுத்தினால் மதிப்பெண்ணைக் குறைப்பதென்றால், பதுக்கலை ஆட்டமே பரிசு கொடுத்து வளர்க்கிறது என்றுதான் பொருள்.

இரண்டாவது குறை குமாஸ்தா வேலை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன் பாதி தேய்ந்த ஈட்டிகளை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றி, மூன்று முறை குடித்தால் தீரும் மருந்துக் குப்பிகளைப் பங்கிட்டு, கூடாரத்தின் 100 இடங்களில் எதை வைப்பது, எதை விற்பது என்று அரை மணி நேரம் போய்விடும். அதில் ஐந்து நிமிடம் சிந்தனை, மற்றதெல்லாம் பொத்தான் அமுக்கல். இந்த அலுப்பு எனக்கும் உண்டு.

அலுத்தவர்களின் குரல் கேட்டிருக்க வேண்டும். 2015இல் வந்த ‘ஃபேட்ஸ்’ ஆயுதத் தேய்மானத்தை எடுத்துவிட்டது. பதிலுக்கு, வெள்ளி ஆயுதத்தால் போரிட்டவனின் வலிமையும் திறமையும் அந்தச் சண்டைக்குப் பின் சற்றுக் குறையும். புத்திசாலித்தனமான மாற்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைவு சில முறைகளில் சரியாகிவிடும். செலவழித்த 75 காசு திரும்பி வராது. 2019இன் ‘த்ரீ ஹவுசஸ்’ தேய்மானத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, கொல்லரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளும் வசதியோடு. உடைந்த ஆயுதத்தையும் வலு குறைந்த நிலையில் பயன்படுத்தலாம் என்றும் வைத்தது. பயம் போய்விட்டது, பழுது பார்க்கும் வேலை மட்டும் மிஞ்சியது. எனக்கு இதுதான் ஆக மோசமான ஏற்பாடு. 2023இன் ‘எங்கேஜ்’ ஆயுதங்களைத் தேய்மானத்திலிருந்து மறுபடி விடுவித்து, மந்திரக் கோல்களுக்கு மட்டும் அதை விட்டுவைத்தது.

நோய் ஒன்று, மருந்து வேறொன்றுக்கு. பதுக்கலுக்குக் காரணம் தேய்மானம் அல்ல, மறைத்து வைக்கப்பட்ட நாளை. அடுத்த மூன்று அத்தியாயங்களில் கடை உண்டா என்று வரைபடத்தில் காட்டியிருந்தால் போதும். நிதி மதிப்பெண்ணை மிச்சத்துக்குப் பதிலாக எத்தனை வெட்டு எந்த எதிரிக்குச் செலவானது என்பதற்குக் கொடுத்திருக்கலாம். சரக்கு அடுக்குவதை ஒரே பொத்தானில் முடித்திருக்கலாம். இவை எதற்கும் வாளை அழியா வரம் பெற்றதாக ஆக்கத் தேவையில்லை.

2003 ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குபவர்கள் நிதி மதிப்பெண்ணை முதல் சுற்றில் அடியோடு மறந்துவிடுங்கள். வெள்ளி ஆயுதம் கிடைத்த அத்தியாயத்திலேயே, படைத்தலைவன் எவன் நிற்கிறானோ அவன் மேல் அதைப் பிரயோகித்துப் பாருங்கள்.