நல்லவன் என்ற சாட்சியம்

1998 மார்ச்சில் இங்கிலாந்தின் ஹைடு நகரத்துப் பெண் மருத்துவர் ஒருவர், அதே ஊரில் கிளினிக் நடத்திய ஹரால்ட் ஷிப்மனின் நோயாளிகள் அளவுக்கு மீறிச் சாகிறார்கள் என்று மரண விசாரணை அதிகாரியிடம் சொன்னார். காவல்துறை மேலோட்டமாக விசாரித்து ஏப்ரலில் ஃபைலை மூடியது. பெத்திடின் மருந்துச் சீட்டுகளில் மோசடி செய்து 1976-லேயே தண்டனை பெற்ற ஆள் என்பதைக்கூட யாரும் தேடிப் பார்க்கவில்லை. ஊருக்கு அவர், கூப்பிட்டால் வீட்டுக்கே வரும் கைராசிக்கார டாக்டர். அதன்பின் மேலும் மூன்று பெண்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் மகள் வழக்கறிஞர். தாயின் உயில் போலி என்று அவர் கண்டுகொண்ட பிறகே கைது நடந்தது. 2000-ல் 15 கொலைகளுக்குத் தண்டனை. பிறகு நடந்த பொது விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று கணக்கிட்டது.

குற்றப் புனைவில் இப்படியொரு நிலைமையைச் சுற்றியே ஒரு கிளை வளர்ந்திருக்கிறது. ஒரு பெண் துப்பறிவாளர், ஊரே மெச்சும் ஒருவன், அவனைச் சந்தேகிப்பதால் அவள்மீதே சந்தேகப்படும் சகாக்கள். இந்தக் கதைகளில் ‘யார் கொலையாளி’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பாதியிலேயே விடை தெரிந்துவிடும். மீதிக் கதையை ஓட்டுவது ‘யார் சொல் எடுபடும்’ என்ற கேள்விதான்.

அகதா கிறிஸ்டி 1930-லேயே இதைத் தொட்டுவிட்டார். மிஸ் மார்ப்பிளின் முதல் நாவலான ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ கதையில் (படிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம்) லாரன்ஸ் ரெடிங் அழகான ஓவியன். தானே காவல்துறையிடம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். நேரக் கணக்கு பொருந்தாததால் விடுபடுகிறான். ஒப்புதல் வாக்குமூலத்தையே கேடயமாக்கும் சாமர்த்தியம் அது. ஜன்னலோரக் கிழவி மார்ப்பிளுக்குப் புரிந்தது இன்ஸ்பெக்டர் ஸ்லாக்குக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. ஆனால் மார்ப்பிள் யாருக்கும் கீழே வேலை செய்பவர் அல்ல. அவர் சொல்வதைக் கேட்காவிட்டால் நஷ்டம் ஸ்லாக்குக்குத்தான்.

அலுவலகத்துக்குள் ஒரு பெண்ணை உட்கார்த்தியது 1991-ல் ஒளிபரப்பான ‘பிரைம் சஸ்பெக்ட்’. லிண்டா லா பிளான்ட் எழுதிய இந்த பிரிட்டிஷ் தொடரில் ஜேன் டென்னிசனாக ஹெலன் மிர்ரன் நடித்தார். மாரடைப்பால் இறந்த ஓர் அதிகாரி விசாரித்துவந்த கொலை வழக்கை டென்னிசன் கேட்டு வாங்குகிறார். வந்ததும் கண்டுபிடிப்பது, இறந்த பெண்ணின் அடையாளமே தவறு என்பது. மறைந்த அதிகாரியின் மானத்தைக் காப்பாற்ற அவருடைய சார்ஜென்ட் ஆதாரத்தை ஒளிக்கிறார். சந்தேகத்துக்குரிய ஜார்ஜ் மார்லோ மரியாதையாகப் பேசுகிறான், சிரிக்கிறான், ஒத்துழைக்கிறான். சகாக்களுக்கு அவன்மேல் எப்படியோ, டென்னிசன்மேல் துளியும் நம்பிக்கையில்லை. இதே தொடரில் 1995-ல் வந்த கதையொன்றில் அதே பாணியில் புதிய கொலைகள் நடக்க, அன்று பிடித்தது தப்பான ஆளோ என்ற பேச்சு மேலிடத்தில் எழுகிறது. ஆண் அதிகாரி ஜெயித்த வழக்கு அவருக்கு மெடல். பெண் அதிகாரிக்கு அது எப்போது வேண்டுமானாலும் திரும்பத் திறக்கக்கூடிய ஃபைல். தொடரின் கூர்மை இங்கேதான்.

2014-ல் வந்த ‘ஃபார்கோ’ தொடரில் எதிரி இன்னும் சாதுவானவன். மினசோட்டாவின் பெமிட்ஜி ஊரில் இன்ஷூரன்ஸ் விற்கும் லெஸ்டர் நைகார்டை மாலி சால்வர்சன் சந்தேகிக்கிறார். தலைமை அதிகாரி பில் நல்ல மனிதர். லெஸ்டரைப் பள்ளி நாளிலிருந்தே தெரியும், அவ்வளவுதான் அவருடைய வாதம். லெஸ்டர் தன் தம்பியைப் பொய்ச் சாட்சியத்தில் மாட்டிவிடும்போதுகூட பில்லுக்கு அதுதான் நம்பச் சுலபமாக இருக்கிறது. கெட்ட எண்ணமே இல்லாத அவநம்பிக்கையை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய படைப்பு வேறு நினைவுக்கு வரவில்லை.

பெல்ஃபாஸ்டில் நடக்கும் ‘தி ஃபால்’ (2013–2016) புகழ்பெற்றது, ஆனால் சறுக்கியது. கொலையாளி பால் ஸ்பெக்டர், துக்கத்தில் இருப்போருக்கு ஆறுதல் சொல்லும் கவுன்சிலர். இரண்டு பிள்ளைகளுக்குப் பாசமுள்ள அப்பா. ஜில்லியன் ஆண்டர்சன் நடித்த ஸ்டெல்லா கிப்சன் அவனிடம் மயங்கவில்லை. மயங்கியது கேமரா. அவன் உடலையும் முகத்தையும் அது ரசிக்கும் விதம் பார்வையாளரையும் அவன் பக்கம் இழுக்கிறது.

இந்தியாவில் இந்த வகையின் மிகச் சிறந்த முயற்சி 2023-ல் வந்த இந்தித் தொடர் ‘தஹாட்’. ரீமா காக்தியும் ஜோயா அக்தரும் உருவாக்கியது. ராஜஸ்தானின் சிறுநகரக் காவல் நிலையத்தில் அஞ்சலி பாட்டீ என்ற தலித் சப்-இன்ஸ்பெக்டர். அவர் கடந்து போகும்போதெல்லாம் ஊதுபத்தி கொளுத்தும் சக காவலர் ஒருவர் அங்கே இருக்கிறார். காணாமல் போன பெண்கள் வரதட்சணை கொடுக்க முடியாத எளிய குடும்பத்தவர்கள். ‘விரும்பித்தான் போனாள்’ என்ற ஒரு வரி போதும், தேடல் நின்றுவிடும். பொதுக் கழிப்பறைகளில் சயனைடு தின்று கிடந்த உடல்கள் தனித்தனித் தற்கொலைகளாக மூடப்படுகின்றன. சந்தேகத்துக்குரியவனோ கல்லூரியில் இந்தி இலக்கியம் நடத்தும் ஆசிரியர், குரல் உயர்த்தாதவர். இது கற்பனையின் மிகை அல்ல. கர்நாடகத்தில் 2009-ல் பிடிபட்ட ‘சயனைடு மோகன்’ ஒரு ஆரம்பப்பள்ளி ஆசிரியர். கல்யாண ஆசை காட்டி 20 பெண்களைக் கொன்றதாக வழக்குகள். அந்த உடல்களும் பேருந்து நிலையக் கழிப்பறைகளில்தான் கிடைத்தன.

‘தஹாட்’ மற்றவற்றிலிருந்து உயரும் இடம் இதுதான்: வசீகரன் தனியாக யாரையும் ஏமாற்றவில்லை. சாதியும் வரதட்சணையும் மானமும் பாதி வேலையை முன்பே முடித்துக் கொடுத்துவிட்டன.

தமிழில்? பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா பரத்தோடு வருவார், சுபாவின் வைஜயந்தி நரேந்திரனோடு, ராஜேஷ்குமாரின் ரூபலா விவேக்கோடு. துறுதுறுப்புக்கும் கேலிக்கும் குறைவில்லை, ஆனால் வழக்கு பெரும்பாலும் ஆண் கையில். மேலதிகாரியோடும் ஊரோடும் மோதி ஒரு பெண் தன் சந்தேகத்தைக் கடைசிவரை காப்பாற்றும் நாவல் நம்மிடம் அரிது. 1992-லிருந்து அனைத்து மகளிர் காவல் நிலையங்களை நடத்திவரும் மாநிலம் தமிழ்நாடு. மனைவி அழுதுகொண்டு ஒன்று சொல்ல, நாலு பெரிய மனிதர்களோடு வந்த கணவன் சிரித்துக்கொண்டு வேறொன்று சொல்ல, யாரை நம்புவது என்று அங்கே தினமும் ஒரு பெண் அதிகாரி முடிவெடுக்கிறார். குற்றக்கதை எழுதுபவர்கள் அந்த நிலையங்களின் பெஞ்சில் சில நாள் போய் உட்கார வேண்டும்.