கேபிள் வழி வரும் நெட்

தூத்துக்குடி துறைமுகத்தை நம்பி நடக்கும் ஷிப்பிங் அலுவலகங்களில் பிராட்பேண்ட் படுத்துவிட்டால் யாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதில்லை. ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லை சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஏற்றியாக வேண்டும், கப்பல் காத்திருக்காது. சட்டைப் பையிலிருந்து போன் வெளியே வரும், ஹாட்ஸ்பாட் ஆன் ஆகும், வேலை தொடரும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது யுஎஸ்பி டெதரிங். போனின் சார்ஜர் கேபிளை லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்ஸில் ஒரு பொத்தானைத் தள்ளினால் போதும். பாஸ்வேர்டு வேண்டாம். கரண்ட் போனாலும் லேப்டாப் போனுக்கு சார்ஜ் கொடுக்கும், போன் அதற்கு நெட் கொடுக்கும். என்ன அழகான கொடுக்கல் வாங்கல்! 1961-இல் தூத்துக்குடிக் கடலில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, மூழ்கியவரின் உயிர் படகில் நின்றவர் பிடித்திருந்த கயிற்றில்தான் இருந்தது. கேபிளைச் செருகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிறுதான் நினைவுக்கு வரும்.

ஆண்ட்ராய்டில் இந்த வசதி 2010-லேயே வந்துவிட்டது. 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் தாராளமாகப் பயன்படுத்த முடிந்தது.

இணைத்ததும் விண்டோஸில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் அப்டேட்டே அன்றைய டேட்டாவைத் தின்றுவிடும்.