கோர்வையும் நிய்யத்தும்

பலர் கூடி ஒன்றைச் செய்வதற்கும், ஒரே இடத்தில் தனித்தனியே செய்வதற்கும் வேற்றுமை யாது? மார்கரெட் கில்பர்ட் என்னும் தத்துவப் பேராசிரியை 1990இல் வெளியிட்ட ‘சேர்ந்து நடத்தல்’ என்ற கட்டுரையில் இவ்வினாவை ஆராய்கிறார். இருவர் சேர்ந்து நடக்க இசைந்தபின் ஒருவர் சொல்லாமல் விலகினால், மற்றவர் கண்டிக்க உரிமை பெறுகிறார். அவ்வுரிமையைத் தோற்றுவிக்கும் கூட்டுப் பொறுப்பே ‘நாம்’ என்பது அவர் முடிபு.

காஞ்சிபுரத்துத் தறி இதற்குத் தக்க சான்று. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம். கரைகளுக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெய்பவர் உடலையும் தம் பக்கத்துக் கரையையும் பார்க்க, மறுகரை நாடாவை உதவியாள் எறிவார். இப்னு கல்தூன் ‘முகத்திமா’வில், ஒரு நாள் உணவுக்கே பலர் உழைப்பு வேண்டும் என்று காட்டியது தேவையின் கூட்டு; கோர்வையோ நோக்கத்தின் கூட்டு.

ஆயின், வற்புறுத்திப் பெற்ற இசைவும் கடப்பாட்டை விளைவிக்கும் என்று 1993இல் கில்பர்ட் எழுதினார். அது ஒழுக்கக் கடமையன்று என அவரே வரையறுத்தபோதும், இங்கு நாம் மாறுபடுகிறோம். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகச் சிறுவர்கள் மறுகரையில் அமர்த்தப்பட்ட காலம் காஞ்சியில் உண்டு. நாடா தவறாமல் ஓடிற்று. சேலையும் குறையின்றி முடிந்தது. அச்சிறுவன் அந்த ‘நாம்’ என்பதில் சேர்ந்தவனா?

வாணிபத்துக்கு இருசாராரின் மனவிருப்பைத் திருமறை (4:29) நிபந்தனையாக்குகிறது. அநியாய நிர்ப்பந்தத்தில் நடந்த விற்பனை ஷாஃபிஈ ஃபிக்ஹில் செல்லாது. பருவமடையாதவர்மீது மார்க்கக் கடமையும் இல்லை. ஸஹீஹுல் புகாரியே நிய்யத் பற்றிய ஹதீஸுடன்தான் தொடங்குகிறது. கையின் இசைவை நிய்யத்தின் இசைவாகக் கொள்ளலாகாது. கூடி வாழ்தல் பற்றிப் பேசுவோர், மறுகரையில் அமர்ந்திருப்பவரின் விருப்பத்தை முதலில் கேட்டறிதல் வேண்டும்.